கொள்ளிடக் கரை நரிகளும் கோழிக் கழிவும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். திருவானைக்காவலை அடுத்து, கொள்ளிடத்தின் தென்கரையோரம் வாழைத்தோட்டங்கள் மனைகளாக மாறி உருவான ஒரு குடியிருப்பில் வசித்து வருகிறேன். சில வாரங்களாக இரவு பதினொரு மணிக்கு மேல் எங்கள் கடைசித் தெருவில் இரண்டு நரிகள் நடமாடுகின்றன; இரண்டு வீடுகளில் கோழிகளும் பறிபோயின. அவற்றைப் பிடித்துக் காட்டில் விடவேண்டும் என்று வனத்துறைக்கு ஒரு மனு எழுதி, வீடு வீடாகக் கையெழுத்து வாங்கி வருகிறார்கள். நான் கையெழுத்திட மறுத்துவிட்டேன். அதன் காரணத்தை, கரையோர ஊர்களில் வசிக்கும் மற்றவர்களும் அறிந்துகொள்ளட்டும் என்றே இதை எழுதுகிறேன்.

நாணலும் கருவேலமும் மண்டிய இந்த ஆற்றங்கரை, மனைக்கல் நடப்படுவதற்கு வெகுகாலம் முன்பிருந்தே நரிகளுக்கு இருப்பிடம். வயல் எலி, நண்டு, தவளை, உதிர்ந்த பழம், செத்த கால்நடை என்று கிடைப்பதைத் தின்று வாழும் இந்த விலங்கு பத்து கிலோ எடை இருந்தாலே அதிகம்; தெருநாயைவிடப் பெரியதன்று. ஆள் நடமாட்டம் தெரிந்தால் ஒதுங்கிவிடும். நரி இடம் போனால் என்ன, வலம் போனால் என்ன, மேலே விழுந்து கடிக்காமல் போனால் சரி என்று நம் பெரியவர்கள் சொன்னதில் அந்த அனுபவம் இருக்கிறது.

புதருக்குள் ஒதுங்கியிருந்த நரி தெருவுக்கு வரக் காரணம், எங்கள் தெரு முடியும் இடத்தில் மூட்டை மூட்டையாகக் கொட்டப்படும் கோழிக் கழிவுதான். இறைச்சிக் கடைகள் அடைத்தபின் இருசக்கர வாகனங்களில் வந்து, குடலும் தோலும் தலையுமாகக் கரையில் வீசிவிட்டுப் போகிறார்கள். அதைத் தேடி முதலில் நாய்கள் வந்தன. நாய்களின் எண்ணிக்கை பெருகிய பிறகு நரிகளும் வந்தன. இரண்டும் ஒரே குப்பையில் வாய் வைக்கும்போது வெறிநோய் நாயிடமிருந்து நரிக்கும், நரியிடமிருந்து நாய்க்கும் பரவ வழி பிறக்கிறது. என் கவலையில் பெரும்பங்கு இதுதான். பகலில் தள்ளாடித் திரியும், மனிதரைக் கண்டு அஞ்சாத நரியை யாரும் நெருங்கக் கூடாது. வனத்துறைக்குத் தகவல் சொல்ல வேண்டும். கடித்துவிட்டால் காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் நீரில் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு, உடனே மருத்துவமனைக்குச் சென்று தடுப்பூசியுடன், நோய்க்கிருமியை உடனே எதிர்க்கும் இம்யூனோகுளோபுலின் ஊசியும் போட்டுக்கொள்ள வேண்டும்.

பிடித்துக்கொண்டுபோய் வேறிடத்தில் விடுவதால் தீர்வு கிடைக்காது. கழிவு இருக்கும்வரை காலியான இடத்துக்கு வேறொரு நரி வரும். பழக்கமில்லாத இடத்தில் விடப்பட்டதோ அங்கே ஏற்கெனவே இருப்பவற்றோடு போராட வேண்டியிருக்கும். மேலும், 2022ஆம் ஆண்டின் திருத்தத்துக்குப் பிறகு நரி வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் மிக உயர்ந்த பாதுகாப்பு தரும் முதல் அட்டவணையில் இருக்கிறது. அதை வேட்டையாடினால் குறைந்தது மூன்று ஆண்டுச் சிறைத்தண்டனை உண்டு. சேலம் மாவட்டம் வாழப்பாடிப் பகுதியில் பொங்கலையொட்டி வங்கா நரி என்னும் சிறிய நரி இனத்தை வலைவைத்துப் பிடித்து ஊர்வலமாகக் கொண்டுவந்தவர்களுக்கு வனத்துறை அபராதம் விதித்ததைச் செய்திகளில் படித்திருக்கிறோம். நரி முகத்தில் விழித்தால் நல்லது என்ற நம்பிக்கையோடு பிடிப்பவர்களுக்கே அந்த நிலை.

மனுவுக்குப் பலன் கிடைக்காவிட்டால் யாராவது அவுட்டுக்காயை, அதாவது இரைக்குள் மறைத்து வைக்கும் நாட்டுவெடியை, கையில் எடுப்பார்களோ என்றும் அஞ்சுகிறேன். 2021ஆம் ஆண்டு இதே திருச்சி மாவட்டத்தில் இறைச்சிக்குள் நாட்டுவெடியை வைத்து ஒரு நரியின் வாயைச் சிதறடித்துக் கொன்றார்கள். அந்த இறைச்சித் துண்டைக் கரையில் மேயும் ஆடோ, விளையாடப் போகும் பிள்ளையோ தொட்டிருந்தால் என்னவாகியிருக்கும்?

கோழி வளர்ப்பவர்கள் பொழுது சாய்ந்ததும் அவற்றைக் கம்பிவலை போட்ட கூண்டில் அடைத்துத் தாழிட்டாலே போதும். கோழியை இழந்த இருவரில் ஒருவர் அப்படிச் செய்த பிறகு நரி அவர் வீட்டுப் பக்கம் வரவில்லை. உள்ளாட்சி நிர்வாகம் இறைச்சிக் கழிவைக் கடைகளிலேயே தினமும் பெற்றுக்கொண்டு முறையாக அகற்ற வேண்டும். இரவில் கரையில் கொட்டுபவர்களுக்கு அபராதம் விதிக்க வேண்டும். எங்கள் கடைசித் தெருவுக்கு இரண்டு மின்விளக்குகள் வேண்டும். மனுவில் நரியை நீக்கிவிட்டு இவற்றை எழுதினால் நான் கையெழுத்திட ஆயத்தமாக இருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
திருவானைக்காவல்.