சும்மா நிற்கிறேன் என்று சொன்ன மகளுக்கு

கோபி,
ஆகஸ்ட் 17

அன்புள்ள அம்மிணிக்கு,

அம்மா எழுதுகிறேன். போனில் ஆரம்பித்தால் "சரிம்மா, வண்டி வந்துடுச்சு" என்று பாதியில் வைத்துவிடுகிறாய். இங்கே காலை ஆறரை என்றால் ஹூஸ்டனில் முந்தின நாள் ராத்திரி எட்டு மணி, நீ களைத்து வந்து உட்காரும் நேரம். எழுதி அனுப்பினால் எப்போது முடிகிறதோ அப்போது படிப்பாய்.

வெள்ளிக்கிழமை நீ சொன்னது இன்னும் காதிலேயே இருக்கிறது. "ஹவுஸ் சர்ஜனா இருந்தப்போ ஒரே ராத்திரியில மூணு பிரசவம் பார்த்தேன். இங்கே மூலையில கையைக் கட்டிக்கிட்டுச் சும்மா நிக்கிறேன்." அப்பாவும் அதைக் கேட்டார். ஏலச்சீட்டு எடுத்து ஏஜென்சிக்குக் கட்டிய இரண்டு லட்சம் நினைவுக்கு வந்திருக்கும், ஒன்றும் பேசாமல் தோட்டத்துக்குப் போய்விட்டார்.

கோபம் எனக்கும்தான். அமெரிக்க கிளினிக்கில் அனுபவம் வாங்கித் தருவதாகச் சொன்ன அந்த ஏஜென்சிக்காரர்கள் விளம்பரத்தில் நோயாளியை நேரடியாகப் பார்க்கலாம் என்று போட்டிருந்தார்கள். போய் இறங்கினதும் கழுத்தில் மாட்டிவிட்ட அட்டையில் "அப்சர்வர்", அதாவது பார்த்துக்கொண்டு மட்டும் நிற்கிற ஆள். ஒப்பந்தத்தைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன், நாலாம் பக்கத்தில் பொடி எழுத்தில் அப்படித்தான் இருக்கிறது. நாம் இரண்டு பேரும் படித்தோம், இரண்டு பேர் கண்ணிலும் படவில்லை. யோசித்துப் பார்த்தால், விசிட்டர் விசாவில் போய், அந்த நாட்டு லைசென்ஸ் இல்லாமல், நீ மருந்து எழுதவும் ஊசி போடவும் யார் விடுவார்கள்? எங்கள் ஆஸ்பத்திரி ஓபியில், வெளிநோயாளிப் பிரிவில், வெளிநாட்டுப் பெண் ஒருத்தி வந்து நின்றிருந்தால் நான் சிரிஞ்சை எடுத்து அவள் கையில் கொடுத்திருப்பேனா? போன பணம் போகட்டும். மிச்சம் இரண்டு வாரம் இருக்கிறது.

என் 31 வருஷ நர்ஸ் சர்வீஸில் கடைசி ஒன்பது வருஷம் ஓபியில் பிபி மேசை. வார்டில் இருந்தவரைக்கும் எனக்கும் ஓபி என்றால் இளக்காரம்தான், வயசானவர்களைக் கொண்டுபோய் உட்கார வைக்கும் இடம் என்று நினைப்பு. காலை ஏழரைக்கே வரிசை நிற்கும். சீட்டில் டாக்டர் எழுதுவது அரை வரி, "காய்ச்சல் 3 நாள்". அதன் கீழே மாத்திரை, 1-0-1. ஒருத்தருக்கு ஒரு நிமிஷம் கிடைத்தால் அதிகம்.

அந்தக் கூட்டத்தில் ஒரு பாட்டி. மாசாமாசம் வருவார், சர்க்கரை இறங்கவே இறங்காது. டாக்டர்கள் மாறினார்கள், மாத்திரை கூடிக்கொண்டே போனது. ஒரு நாள் பிபி பட்டை கட்டுவதற்காகக் கையை நீட்டியபோது மடியில் இருந்த சுருக்குப் பை அவிழ்ந்து கொட்டிவிட்டது. வெற்றிலை, கொட்டைப்பாக்கு, சில்லறை, நடுவில் பெரிய வெள்ளை மாத்திரைகள், அத்தனையும் சரிபாதியாக ஒடித்தவை. "முழுசா முழுங்க முடியல சாமி, தொண்டையில நிக்குது. பாதி போட்டாலும் மருந்து மருந்துதானே" என்றார். அவர் ஒன்றையும் மறைக்கவில்லை. நாங்கள் யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

அதனால்தான் நீ போகிறபோக்கில் சொன்ன அந்த 62 வயதுக்காரர் கதை எனக்குப் பெரிய சேதி. அங்கே வீட்டில் இருக்கிற எல்லா மருந்தையும் பையில் போட்டுக் கொண்டுவரச் சொல்வார்களாமே. அவர் காகிதப் பையைக் கவிழ்த்ததும் ஆரஞ்சு நிற டப்பாக்கள் மேசையில் உருண்டன என்றாய். மூன்று மாசச் சர்க்கரையைக் காட்டுகிற எச்பிஏ1சி 7.2-லிருந்து 9.4-க்கு ஏறியிருக்கிறது. டாக்டரம்மா கணினியைப் பார்த்தபடியே இன்சுலின் ஆரம்பிக்கலாமா என்று யோசிக்கிறார். மூலையில் நின்ற நீ ஒரு டப்பாவின் லேபிளைப் படித்தாய். மே 6-ல் கொடுத்தது, 30 மாத்திரை, தினம் ஒன்று. ஆகஸ்ட் பாதி ஆகியும் உள்ளே 11 கிடக்கிறது. வேலை போனதோடு அவருக்கு இன்சூரன்ஸும் போயிருக்கிறது, அரசாங்க இன்சூரன்ஸான மெடிகேர் கிடைக்க 65 ஆக வேண்டும், விலை அதிகமான மாத்திரையை ஐந்து நாளுக்கு ஒன்றாக இழுத்துப் பிடித்திருக்கிறார். இன்சுலின் பேச்சு நின்றது, விலை குறைந்த பழைய மாத்திரைக்கு மாற்றினார்கள். மறுநாள் டாக்டரம்மா, "நீ முதலில் உள்ளே போய்ப் பேசிவிட்டு வந்து என்னிடம் சொல்" என்று அனுப்பினாராம். இதைச் சொல்லிவிட்டு அடுத்த மூச்சிலேயே சும்மா நிற்கிறேன் என்றால் எப்படி அம்மிணி?

அப்படிப் பேசிவிட்டு வந்து சொல்வதில் நீ குழப்பியதாகவும், நடுவிலேயே அவர் நிறுத்தியதாகவும் சொன்னாய். பரவாயில்லை. எங்கள் சீட்டின் அரை வரியில் பழகிய கை அது. அவர்கள் ஊரில் லாரன்ஸ் வீட் என்ற டாக்டர் 1960-களில் போட்டுக் கொடுத்த வரிசை இன்னும் ஓடுகிறது என்று நீதானே முன்பு எனக்குப் பாடம் நடத்தினாய்? நோயாளி சொன்னது, நாம் பார்த்தது, என்னவாக இருக்கும், என்ன செய்யலாம். ராத்திரி கண்ணாடி முன் நின்று ஒரு கேஸை அந்த வரிசையில் மூன்று நிமிஷத்துக்குள் சொல்லிப் பழகு. பாரசிட்டமாலை அசிட்டமினோஃபென், சால்பூட்டமாலை ஆல்பியூட்டரால் என்று சொல்லவும் நாக்குத் திரும்பட்டும். கம்பெனிப் பெயரில் மருந்து சொல்கிற நம் ஊர்ப் பழக்கத்தை மறந்தும் அங்கே காட்டிவிடாதே.

இன்னொன்று. கடைசி நாள் கேக் வெட்டும்போது டாக்டரம்மாவிடம் சிபாரிசுக் கடிதம் கேட்கலாம் என்று இருக்காதே, இந்த வாரமே கேள். செப்டம்பர் கடைசியில் ரெசிடென்சிக்காரர்கள், அதாவது மேற்பயிற்சிக்கு ஆள் எடுக்கிற ஆஸ்பத்திரிகள், விண்ணப்பங்களைத் திறந்து பார்க்க ஆரம்பித்துவிடுவார்கள். 2022 ஜனவரியோடு அந்த நாட்டு லைசென்ஸ் பரீட்சையில் முதலாவதான ஸ்டெப் 1-ல் மார்க் போய் வெறும் பாஸ், ஃபெயில் ஆகிவிட்டது. உன் பெயருக்கு எதிரே இருக்கிற எண் என்றால் ஸ்டெப் 2 மார்க் ஒன்றுதான். எதிர் வீட்டுத் தம்பி அந்தக் காலத்தில் இதே ஹூஸ்டனுக்குத்தான் வந்து, நோயாளி மாதிரி நடிக்கிற 12 பேரை ஆளுக்குக் கால் மணி நேரம் பார்த்துப் பரீட்சை எழுதினான். 2021-ல் அதையும் எடுத்துவிட்டார்கள். நோயாளி எதிரே நீ எப்படி நடந்துகொள்கிறாய் என்று சொல்ல அந்தக் கடிதத்தை விட்டால் வேறு என்ன இருக்கிறது? டாக்டரம்மா எழுதி நேராக இணையத்தில் ஏற்றிவிடுவார், நீ அதைப் பார்க்க மாட்டேன் என்று விட்டுக்கொடுத்துவிடு, அப்போதுதான் அதற்கு மதிப்பு. "நல்ல பெண், நேரத்துக்கு வந்தாள்" என்று யாரும் எழுதுவார்கள். அந்த 11 மாத்திரை அதில் வர வேண்டும். கேட்கும்போது நீயே மெல்ல ஞாபகப்படுத்து, கூச்சப்படாதே.

அப்சர்வர் அனுபவத்தைக் கணக்கில் எடுத்துக்கொள்ளாத இடங்களும் இருக்கின்றன என்பது எனக்கும் தெரியும். முடிந்தால் அடுத்து உள்நோயாளிப் பிரிவில் ஒரு மாசம் பார்க்கலாம். இந்தத் தடவை ஒப்பந்தத்தை அப்பாவிடம் கொடுத்துவிடலாம், பத்திரம் படிக்கிற மாதிரி படிப்பார். ஜே-1 விசாவா, எச்-1பி விசாவா என்று சித்தப்பா தொந்தரவு செய்தால், மார்ச் மூன்றாம் வெள்ளிக்கிழமை, யாருக்கு எந்த ஆஸ்பத்திரி என்று சொல்கிற மேட்ச் முடிவு வரட்டும் என்று சொல்லி வை.

முழங்கால் வலி என்று வந்தவரிடம்கூடக் கடந்த இரண்டு வாரமாக மனசு எப்படி இருந்தது என்று ஒன்பது கேள்வி கொண்ட தாளைக் கொடுப்பார்கள் என்றாயே, அன்றைக்கு எனக்குத் தூக்கமே வரவில்லை. ஒன்பது வருஷத்தில் எத்தனை ஆயிரம் கைக்குப் பட்டை கட்டியிருப்பேன்! ஒருத்தரிடம்கூட அதைக் கேட்டதில்லை. "தலை சுத்துதா, மாத்திரை போட்டீங்களா, அடுத்தவங்க வாங்க." அவ்வளவுதான் என் பேச்சு.

அந்தத் தாளில் தூக்கம், பசி இரண்டும் இருக்கிறதாமே. அந்த இரண்டுக்கு மட்டும் நீ எனக்குப் பதில் எழுது. "நல்லா இருக்கேம்மா" என்று எழுதக் கூடாது. எத்தனை நாள் என்று எண்ணிக்கையோடு எழுது.

அன்புடன்,
அம்மா

பி.கு: வெள்ளைக் கோட்டில் நீ அனுப்பிய படத்தை அப்பா குடும்பக் குரூப்பில் போட்டுவிட்டார். பெரிதாக்கிப் பார்த்தேன், உன் தோளுக்குப் பின்னால் கணினியில் யாரோ ஒருவர் பெயரும் பிறந்த தேதியும் தெரிகிறது. 1996-லிருந்து அங்கே இதற்குச் சட்டமே இருக்கிறது என்று சொல்லி அழிக்க வைத்தேன். பெரியம்மா அதற்குள் பார்த்துவிட்டுக் கோட்டு லூசாக இருக்கிறது என்கிறாள். உன் போனிலும் அதை அழித்துவிடு.