அப்பாவுக்கு அந்த மாத்திரை இப்போது வேண்டாம்

அன்புள்ள தம்பி,

பக்கவாதத்திலிருந்து மீண்டுவரும் அப்பா ராத்திரியெல்லாம் புரண்டுகொண்டிருக்கிறார், டாக்டரிடம் கேட்டு லோராசிபாம் என்ற தூக்க மாத்திரை வாங்கிக் கொடுங்கள் என்று பெர்த்திலிருந்து இரண்டு முறை சொல்லிவிட்டாய். உன் தவிப்பு புரிகிறது. ஆனாலும் நானாகப் போய்க் கேட்க மாட்டேன். ஏன் என்று போனில் சொல்லி முடியாது.

மூளையில் நரம்பணுக்களை அடக்கி வைக்கும் ரசாயனம் காபா. அது ஒட்டிக்கொள்ளும் இடங்களான ஏற்பிகளை இந்த மாத்திரை இன்னும் பலமாக வேலை செய்ய வைக்கும். அதனால்தான் தூக்கம் வருகிறது. ஆனால் கையை ஆட்டுவிக்கும் மூளைப் பகுதி புதிதாக ஒன்றைப் பழகவேண்டுமென்றால் அந்த அடக்கம் கொஞ்சம் தளர வேண்டும்.

2000இல் வெளிவந்த ஓர் ஆய்வு இதை அழகாகக் காட்டியது. தலைக்கு வெளியிலிருந்து காந்தத் துடிப்பு கொடுத்தால் கட்டைவிரல் தானாக ஒரு பக்கம் துள்ளும். ஆரோக்கியமானவர்களை அதற்கு எதிர்ப்பக்கமாக அரை மணி நேரம் விரலை அசைத்துப் பழகச் சொன்னார்கள். அப்புறம் அதே துடிப்பைக் கொடுத்தால், விரல் பழகிய பக்கமே துள்ளியது! அரை மணியில் மூளை மாறிவிட்டது. லோராசிபாம் சாப்பிட்டுவிட்டுப் பழகியபோது அந்த மாற்றம் வெகுவாகக் குறைந்துபோனது.

உன் அப்பா தினமும் பழகுவதும் கட்டைவிரலைத்தான். தேக்கா சந்தையில் வாங்கிவரும் முருங்கைக்கீரையை அவரிடம்தான் கொடுக்கிறேன். இடது கையில் காம்பைப் பிடித்து, வலது கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் உருவுகிறார். பக்கவாதம் வந்த புதிதில் இலை ஒன்றுகூட விரலுக்குள் நிற்காது. இப்போது ஒரு கொத்து முடிக்கிறார், வியர்க்க வியர்க்க. அந்த உழைப்பில் கொஞ்சமும் வீணாகக் கூடாது, தம்பி.

காபாவைத் தளர்த்தும் மருந்து கிடையாதா என்று கேட்பாய். அப்படி ஒன்று சுண்டெலிகளுக்குக் கைகொடுத்தது; ஆனால் பக்கவாதம் வந்த மனிதர்களுக்கு அப்படியொரு மருந்தைக் கொடுத்துப் பார்த்தபோது பலன் தெரியவில்லை. சரி, பயிற்சிதான் வழி.

டாக்டரே அவசியம் என்று எழுதிக்கொடுத்தால் மறுக்க மாட்டேன். அதுவரை பகல் தூக்கத்தைக் குறைத்து, சாயங்காலம் புளோக்குக்குக் கீழே நடக்கவைக்கிறேன்.

இதைப் பெரியம்மாவிடம் சொல்லி அவரைப் பயமுறுத்திவிடாதே. அவர் வருஷக்கணக்காக இந்த வகை மாத்திரை போடுகிறவர். திடீரென்று நிறுத்தினால் வலிப்புகூட வரலாம். டாக்டர் பார்த்துக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்க வேண்டும்.

அன்புடன்,
அம்மா