ரோசா பார்க்ஸ் மட்டும் இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற இதழில் அமெரிக்கக் கறுப்பின மக்களின் வரலாற்று மைல்கற்கள் பற்றிய கட்டுரை படித்தேன். வேலை முடிந்து களைத்துப்போன ஒரு தையல்காரப் பெண் பஸ்ஸில் வெள்ளையர் இருக்கையில் உட்கார்ந்துவிட்டார் என்று ரோசா பார்க்ஸ் பற்றி ஒரே வரியில் முடித்திருந்தீர்கள். மனசு கேட்கவில்லை, எழுதுகிறேன்.

அவர் உட்கார்ந்திருந்தது வெள்ளையருக்கென்று ஒதுக்கிய முன்பகுதிக்குப் பின்னால் இருந்த வரிசையில். நின்றுகொண்டிருந்த ஒரே ஒரு வெள்ளைக்காரருக்காக, அந்த வரிசையில் இருந்த நாலு பேரையும் எழுந்திருக்கச் சொன்னார் டிரைவர். மூன்று பேர் எழுந்தார்கள், ரோசா எழவில்லை, கைதானார். அது 1955 டிசம்பர் 1, அலபாமாவின் மான்ட்கோமரி நகரம். அவர் 1943-லேயே கறுப்பின உரிமைச் சங்கத்தின் உள்ளூர்க் கிளைக்குச் செயலாளர் ஆனவர். அன்று உடம்பு அசதியே இல்லை, விட்டுக்கொடுத்து விட்டுக்கொடுத்துத்தான் அலுத்துப்போயிருந்தது என்று பின்னாளில் அவரே எழுதியிருக்கிறார்.

அன்றிரவே கல்லூரி ஆசிரியை ஜோ ஆன் ராபின்சன், திங்கட்கிழமை யாரும் பஸ் ஏற வேண்டாம் என்று நோட்டீஸ் எழுதி, விடிய விடிய சைக்ளோஸ்டைல் எடுத்தார். பல்லாயிரம் பிரதிகள்! பள்ளியில் வினாத்தாள் எடுத்த அனுபவம் எனக்கு உண்டு. ஐந்நூறு தாள் தள்ளுவதற்குள் தோள்பட்டை விட்டுப்போகும், விரலெல்லாம் மை அப்பியிருக்கும். அந்த ராத்திரியை நினைத்தால் எனக்கு இன்னும் சிலிர்க்கிறது.

ஒரு நாள் என்று தொடங்கிய புறக்கணிப்பு 381 நாள் நீடித்தது. ஜனங்கள் நடந்தார்கள். நடக்க முடியாதவர்களுக்கு ஏறக்குறைய 300 கார்கள் முறை வைத்து ஓடின. சரி, பெட்ரோலுக்குக் காசு? சமையல்காரர் ஜார்ஜியா கில்மோரும் அவர் தோழிகளும் கோழி வறுத்து, கேக் சுட்டு, விற்ற பணத்தைப் புறக்கணிப்புக் கூட்டத்தில் கொண்டுவந்து கொடுத்தார்கள். யார் தந்தது என்று தெரிந்தால் பலருக்கு வேலை போய்விடும். அதனால் பணம் எங்கிருந்தும் வரவில்லை என்றே சொல்லி, தங்கள் குழுவுக்கும் அந்த அர்த்தத்திலேயே பெயர் வைத்துக்கொண்டார்கள். நீதிமன்றத்தில் சாட்சி சொன்ன ஜார்ஜியாவுக்கோ வேலையே போனது.

அப்புறம் இன்னொன்று. பஸ்ஸில் இனப் பிரிவினை செல்லாது என்று 1956 நவம்பர் 13 அன்று உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது ரோசாவின் வழக்கில் அல்ல. வேறு நாலு பெண்கள் தொடுத்த வழக்கில். அவர்களில் ஒருவரான கிளாடெட் கால்வின், ரோசாவுக்கு ஒன்பது மாதம் முன்னால், அதே ஊரில் அதே காரணத்துக்காகக் கைதானபோது 15 வயது மாணவி. அவர் மீதான வழக்குப் பதிவை நீதிமன்றம் நீக்கியது 2021-இல். அப்போது அவருக்கு 82 வயது.

அடுத்த இதழில் ஒரு பெட்டிச் செய்தியாகவாவது அந்த நாலு பெயரையும் போடுங்கள்: அரேலியா பிரவுடர், சூசி மெக்டொனால்ட், கிளாடெட் கால்வின், மேரி லூயிஸ் ஸ்மித்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை, கும்பகோணம்