வரப்பெற்றோம் பகுதியில் எங்களுக்கும் இரண்டு வரி

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழக எழுத்துப் பட்டறையைப் பற்றி வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். அங்கே படித்தவர்களும் பாடம் நடத்துகிறவர்களும் வெளியிட்ட புத்தகங்கள், அவற்றுக்குக் கிடைத்த பரிசுகள் என்று நான்கு பக்கம். சந்தோஷமாகத்தான் படித்துக்கொண்டு போனேன். கடைசிப் பத்திக்கு முன்னால் ஒரு வாக்கியம். தமிழ்நாட்டில் எழுதக் கற்றுத்தரும் வழக்கமே இருந்ததில்லையாம், இங்கே எழுத்தாளன் தானாக முளைத்தவனாம். போகிற போக்கில் எழுதியதுதான். ஆனால் எனக்கு அன்று இரவு தூக்கம் வரவில்லை.

நான் தர்மபுரி மாவட்டம் பாலக்கோட்டுக்குப் பக்கத்துக் கிராமத்தான். 31 வருடம் தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். எங்கள் ஊர் திரௌபதி அம்மன் கோயிலில் பாரதம் வைத்தால் பதினெட்டு நாள் நடக்கும். பகலில் பிரசங்கம், ராத்திரி கூத்து. பன்னிரண்டு வயதில் ஒரு கூத்து வாத்தியாரிடம் போய்ச் சேர்ந்தேன். பாட்டை அவர் சொல்லிக்கொடுப்பார். பாட்டுக்கு அடுத்து வருகிற வசனத்தை நாங்களே கட்ட வேண்டும். சூதில் எல்லாம் தோற்ற தருமன் பாஞ்சாலி முகத்தைப் பார்த்து முதலில் என்ன பேசுவான், கட்டுடா பார்க்கலாம் என்பார். ஒருவன் கட்டுவான். மற்ற ஏழெட்டுப் பேரும் குறை சொல்வோம். சொல்லி முடிக்கிறவரை கட்டினவன் வாயைத் திறக்கக் கூடாது. வசனம் நீண்டால் கடைசியில் உட்கார்ந்திருக்கிற கிழவிகள் பாயைச் சுருட்டுகிற சத்தம் கேட்கும், ஆடிக்கொண்டே அதற்குக் காது கொடு என்று சொல்லித்தந்தார். இந்த வயதிலும் ஒரு பக்கம் எழுதினால் எனக்கு அந்தப் பாய்ச் சத்தம் கேட்கிறது.

அயோவாவில் உங்கள் கட்டுரையாளர் வியந்தது எதை? ஒருவர் எழுதியதை வகுப்பு முழுக்கப் படித்துவந்து பேசுவதையும், எழுதியவர் அதுவரை மௌனமாக உட்கார்ந்திருப்பதையும். நான் அந்த முறையை மாட்டுக்கொட்டகைத் திண்ணையில் கற்றுக்கொண்டேன். எங்கள் வாத்தியாருக்குக் கையெழுத்துப் போட மட்டும்தான் தெரியும். அவரிடம் படித்தது படிப்பே இல்லை என்று ஆகிவிட்டதே, அதுதான் தாங்க முடியவில்லை.

அந்தப் பல்கலைக்கழகத்தைக் குறைத்துச் சொல்வதாக எண்ண வேண்டாம். 1936 முதல் எழுதுகிறவர்களுக்கு இரண்டு வருட நேரமும், எழுதியதைக் கூர்ந்து படிக்கச் சக மாணவர்களையும், எழுதித் தேர்ந்த ஆசிரியர்களையும் கொடுத்துவருகிற இடம். கொண்டாட வேண்டியதுதான். ஆனால் அசோகமித்திரனும் அங்கே படித்தவர் என்று போட்டிருக்கிறீர்கள். அவர் 1973-ல் போனது, அதே பல்கலைக்கழகத்தில் 1967-ல் தொடங்கிய சர்வதேச எழுத்தாளர் திட்டத்துக்கு. அது பட்டப்படிப்பு அல்ல, பல நாட்டு எழுத்தாளர்கள் வந்து தங்கிப்போகும் ஏற்பாடு. அந்த அனுபவத்திலிருந்து அவர் ‘ஒற்றன்’ நாவலை எழுதியது தங்களுக்குத் தெரியாததல்ல. அச்சுக்குப் போகுமுன் ஒருவர் பார்த்திருக்கலாம்.

எங்கள் விஷயத்திலும் யாரும் பார்ப்பதில்லை. கிருஷ்ணகிரி எங்கள் தர்மபுரியிலிருந்து பிரிந்து தனி மாவட்டமானது 2004 பிப்ரவரியில். எத்தனை வருடம் ஆகிறது! போன வருடம்கூட ஊத்தங்கரையைத் தர்மபுரி மாவட்டம் என்று போட்டீர்கள். அஞ்சலட்டை எழுதினேன், திருத்தம் வரவில்லை. பெண் சிசுக்கொலை, சாதிக் கலவரம், ஒகேனக்கல் வெள்ளம், இவற்றுக்கெல்லாம் எங்கள் பெயர் சரியாக வந்துவிடுகிறது. சுப்பிரமணிய சிவா கடைசி மூச்சு விட்டது எங்கள் பாப்பாரப்பட்டியில். ராஜாஜி பிறந்தது ஓசூருக்குப் பக்கத்துத் தொரப்பள்ளியில். புத்தகம் என்று பேச்சு வந்தால் மட்டும் இந்தப் பக்கம் வெறும் கல்லும் புளியமரமும்தானா?

இப்போது என் மாணவி ஒருத்தியைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஓய்வு பெற்றபின் ஞாயிறுதோறும் வீட்டுத் திண்ணையில் பிள்ளைகளை உட்காரவைத்து எழுதச் சொல்கிறேன், வாத்தியார் செய்த அதே முறையில். அவள் அரூர்ப் பக்கம். ஓசூரில் ஒரு கம்பெனியில் வேலை, விடுதியில் தங்கல். ஷிப்டுக்குப் போகிற பஸ்ஸில் போனிலேயே தட்டித் தட்டி பதினோரு கதைகள் எழுதினாள். ஒரு கதையை ஏழு தடவை திருத்த வைத்தேன். ஏழாவது தடவை எங்கள் திண்ணையில் ஒருவரும் அசையவில்லை.

ஒரு பதிப்பகத்துக்கு அனுப்பினோம். கதைகள் நன்றாக இருக்கின்றன, முப்பதாயிரம் கட்டினால் போடலாம் என்றார்கள். அவள் சீட்டுப் பணத்தை எடுத்துக் கட்டினாள். முந்நூறு பிரதி என்று பேச்சு, கைக்கு வந்தது நாற்பது. மீதி விற்றதா, அச்சடித்தார்களா, கணக்கு இல்லை. அரசு நூலகங்களுக்குப் புத்தகம் வாங்கும் நூலக ஆணைக்குப் போட்டிருக்கிறோம் என்று ஒரு வருடமாக ஒரே பதில். வீட்டு வரியோடு ரூபாய்க்குப் பத்துப் பைசா நூலக வரி அவள் அப்பாவும்தான் கட்டுகிறார். அவர் மகள் புத்தகம் அவர் ஊர்க் கிளை நூலகத்தில் இல்லை. இங்குள்ள கல்லூரி ஒன்றில் போய், மாணவர்களிடம் அவள் பத்து நிமிடம் பேசட்டும் என்று கேட்டேன். புத்தகத்துக்கு ஐ.எஸ்.பி.என். என்கிற அடையாள எண் இருக்கிறதா என்பதுதான் முதல் கேள்வி. பிரித்துப் பார்க்கவில்லை.

நான் நெடுங்காலம் பாடம் நடத்திய விஷயம் ஒன்று. தகடூர் என்பது தர்மபுரியின் பழைய பெயர். எங்கள் அதியமான் மண்ணில் நடந்த போரைப் பாடிய தகடூர் யாத்திரை என்ற பழைய நூல் முழுதாகக் கிடைக்கவில்லை. புறத்திரட்டு என்ற தொகை நூலில் சேர்த்த பாட்டுகளும் உரைகாரர்கள் எடுத்துக்காட்டியவையும்தான் மிச்சம். யாரோ ஒருவர் குறித்துவைத்ததால் அந்த மட்டுக்காவது தப்பியது. அயோவாவில் தங்களிடம் படித்த பிள்ளை புத்தகம் போட்டால் பல்கலைக்கழகமே ஊருக்குச் சொல்கிறது. எங்கள் திண்ணைக்கு யார் சொல்வார்கள்? தாங்கள்தான் சொல்ல வேண்டும் என்று 1984 முதல் சந்தா கட்டுகிற உரிமையில் கேட்கிறேன்.

பெரிய மதிப்புரை எதுவும் வேண்டாம். தை மாதம் அந்தப் புத்தகத்தின் இரண்டு பிரதிகளைத் தங்கள் அலுவலகத்துக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினோம், ஒப்புகை அட்டை என்னிடம் இருக்கிறது. வந்துசேர்ந்த புத்தகங்களைக் குறிப்பிடும் வரப்பெற்றோம் பகுதியில் நூலின் பெயர், அவள் பெயர், அரூர், தர்மபுரி மாவட்டம் என்று இரண்டு வரி போடுங்கள். அதற்கும் இடமில்லை என்றால் ஒரு பிரதியையாவது திருப்பி அனுப்பிவிடுங்கள். முகவரி எழுதித் தபால் தலை ஒட்டிய உறையை இத்துடன் வைத்திருக்கிறேன். அவளிடம் இப்போது மூன்று பிரதிகள்தான் மீதி.

தங்கள் நெடுநாள் வாசகன்,
ஓய்வுபெற்ற தமிழாசிரியர்,
பாலக்கோடு, தர்மபுரி மாவட்டம்.