கண்ணுக்குப் பிடிக்கவில்லை என்றால் அது குற்றமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். விளையாட்டில் அறம் குறைந்துவிட்டது என்று வருத்தப்பட்டு ஒரு வாசகர் எழுதிய கடிதத்தை உங்கள் பக்கத்தில் படித்தேன். பந்து வீசுவதற்கு முன்பே கிரீஸ் கோட்டை விட்டுக் கிளம்பிவிடும் நான்-ஸ்ட்ரைக்கரை, அதாவது பந்துவீச்சாளர் பக்கம் நிற்கும் மட்டையாளரை, பந்துவீச்சாளரே ரன் அவுட் செய்வது "பார்க்கவே அசிங்கமாக இருக்கிறது, ஆகவே அது அறமற்றது" என்று எழுதியிருக்கிறார். அசிங்கமாக இருக்கிறது என்று அவர் சொல்வது வரை எனக்கும் சம்மதம். அந்த "ஆகவே" எப்படி வந்தது என்பதுதான் புரியவில்லை.

அப்படி ஒரு விக்கெட் விழும்போது எனக்கும் உள்ளே ஏதோ சுருங்கத்தான் செய்கிறது. பந்துவீச்சாளர் ஓடி வருகிறார், தாவப் போகிறார், கை சுழலப் போகிறது என்று நம் கண்ணும் கூடவே ஓடி வருகிறது, திடீரென்று அவர் நின்று திரும்பி ஸ்டம்பைத் தட்டிவிடுகிறார், பாட்டு நடுவில் கரண்ட் போன மாதிரி இருக்கிறது. அந்த எரிச்சல் உண்மையானது. ஆனால் அது நம் ரசனையில் விழுந்த அடி. அதை எடுத்துக்கொண்டுபோய் அந்தப் பந்துவீச்சாளரின் ஒழுக்கத்தின் மேல் வழக்குப் போடுகிறோம்.

2019 மார்ச் 25, ஜெய்ப்பூர், ஐபிஎல். பஞ்சாப் அணிக்கு ஆடிய நம்ம அஸ்வின் ராஜஸ்தானின் பட்லரை அப்படி அவுட் ஆக்கினார். ராஜஸ்தானுக்கு 185 தேவை, 108க்கு ஒரு விக்கெட், பட்லர் 69. அதற்கப்புறம் ஆட்டம் புரண்டு பஞ்சாப் 14 ரன்னில் ஜெயித்தது. அன்று ராத்திரி முழுக்க உலகம் அஸ்வினுக்கு ஒழுக்கப் பாடம் எடுத்தது. இதே பட்லர் 2014இல் எட்ஜ்பாஸ்டனில் இலங்கையின் சேனநாயக்கவிடம் முதலில் எச்சரிக்கை வாங்கி, அப்புறமும் வெளியே போய் இதே மாதிரி அவுட் ஆனவர் என்பதைச் சொன்னவர்கள் குறைவு. 2012இல் பிரிஸ்பேனில் இதே அஸ்வின் இலங்கையின் திரிமன்னவை இப்படி அவுட் ஆக்கியபோது, அன்று கேப்டனாக இருந்த சேவாக், சச்சினுடன் பேசிவிட்டு அப்பீலைத் திரும்பப் பெற்றார். பெருந்தன்மை என்று கைதட்டினார்கள். திரிமன்ன 62 அடித்தார். அந்தப் பெருந்தன்மைக்கு விலை கொடுத்தது யார் என்று யாரும் கேட்கவில்லை.

இதன் எதிர்ப்பக்கத்தையும் பார்க்க வேண்டும். மட்டையாளர் ஒவ்வொரு பந்துக்கும் ஒரு அடி, இரண்டு அடி என்று நகர்ந்து போவது கண்ணை உறுத்துவதே இல்லை, ஏனென்றால் அது மெதுவாக, இயல்பாக, ஆட்டத்தின் தாளத்தோடு சேர்ந்தே நடக்கிறது. பந்துவீச்சாளரின் குதிகால் கோட்டைத் துளி தாண்டினால் டிவியில் பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டி நோ-பால், கூடவே ஒரு ஃப்ரீ ஹிட். "முதல் தடவைதானே, ஒரு எச்சரிக்கை கொடுத்து விடுங்கள்" என்று அவருக்காக யாராவது பேசிக் கேட்டிருக்கிறீர்களா? 2013இல் டிரெண்ட் பிரிட்ஜில் இங்கிலாந்தின் ஸ்டூவர்ட் பிராட் மட்டை விளிம்பில் பட்டையாக எட்ஜ் வாங்கி, பந்து ஸ்லிப்பில் ஆஸ்திரேலியாவின் கிளார்க் கைக்குப் போன பிறகும், அம்பயர் அவுட் கொடுக்கவில்லை என்று அப்படியே நின்றார். கொஞ்ச நாள் சத்தம் போட்டார்கள், சரி, அதுவும் ஆட்டத்தில் சகஜம் என்று விட்டுவிட்டார்கள். சும்மா நிற்பதில் என்ன அசிங்கம் தெரியும்? தப்புக்கு ஒரு உருவம் இருந்தால்தான் நமக்குக் கோபம் வருகிறது.

இந்தியாவின் வினூ மன்கட் 1947இல் சிட்னியில் ஆஸ்திரேலியாவின் பில் பிரவுனை அவுட் ஆக்கினார். அதற்கு முந்தைய ஒரு ஆட்டத்தில் எச்சரித்துவிட்டே அவரை இதே மாதிரி அவுட் ஆக்கியிருந்தார். எதிரணிக் கேப்டன் பிராட்மேனே, தன் சுயசரிதையில், மன்கட் செய்ததில் தவறில்லை என்று எழுதினார். ஆனாலும் எழுபது வருடத்துக்கும் மேலாக அந்த மனிதரின் பெயர்தான் அந்த வேலைக்குப் பட்டப்பெயராகத் திரிந்தது. கடைசியில் 2022 அக்டோபர் 1 முதல், கிரிக்கெட் விதிகளை எழுதும் எம்சிசி இதை "நியாயமற்ற ஆட்டம்" என்ற பிரிவிலிருந்து எடுத்துச் சாதாரண ரன் அவுட் பிரிவில் வைத்தது. அதற்கு ஒரு வாரம் முன்னால்தான் லார்ட்ஸில், ஜூலன் கோஸ்வாமியின் கடைசி ஆட்டத்தில், தீப்தி சர்மா இங்கிலாந்தின் சார்லி டீனை அவுட் ஆக்கித் தொடரை 3-0 என்று முடித்து, அந்த ஊர்க்காரர்களிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார்.

கண்ணின் தீர்ப்பை மனசாட்சியின் தீர்ப்பாக எடுத்துக்கொண்டால் என்ன ஆகும் என்பதற்கு இலங்கைச் சுழல்பந்து வீச்சாளர் முரளிதரனை விடப் பெரிய உதாரணம் இல்லை. 1995 டிசம்பர் 26, மெல்போர்ன், அம்பயர் டாரல் ஹேர் மூன்று ஓவரில் ஏழு தடவை நோ-பால் கொடுத்தார், முழங்கையை மடக்கி நிமிர்த்தி எறிகிறார் என்று. நம் தெருவில் "மாங்கா" என்று சொல்லிச் சிரிப்போமே, அதேதான், ஆனால் ஐம்பதாயிரம் பேர் முன்னால். பிறவியிலேயே முழுதாக நீளாத முழங்கை, ரப்பர் மாதிரி திரும்பும் மணிக்கட்டு, முழித்த கண். 1996இல் ஆய்வகத்தில் அளந்து பார்த்து, எறிவது போலத் தெரிவது காட்சிப் பிழை என்றார்கள். 1999இல் அடிலெய்டில் மறுபடி நோ-பால், கேப்டன் ரணதுங்க அணியைக் கூட்டிக்கொண்டு எல்லைக்கோடு வரை போய்விட்டார். 2004இல் கையை மடக்கவே முடியாதபடி ஒரு கவசத்தை மாட்டிக்கொண்டு டிவி கேமரா முன்னால் எதிர்ப்பக்கம் திரும்பும் தூஸ்ரா பந்து உட்பட வீசிக் காட்டினார் முரளி. தான் திருடன் இல்லை என்று நிரூபிக்க ஒரு மனிதன் கையில் இரும்பு மாட்டிக்கொள்ள வேண்டியிருந்தது.

அவருக்காகத்தான் விதியை வளைத்தார்கள் என்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். தூஸ்ராவை அளந்தபோது முழங்கை நிமிர்வதற்கு அன்றைக்கிருந்த 5 டிகிரி வரம்பை அது தாண்டியது உண்மை. ஆனால் அதே காலத்தில் மற்றவர்களையும் அளந்தார்கள், அப்போதுதான் பாடப்புத்தக ஆக்‌ஷன் என்று நாம் கொண்டாடிய பல பேரின் கையும் மடங்கி நிமிர்வது தெரிந்தது. 2005இல் எல்லாருக்கும் 15 டிகிரி என்று வைத்தார்கள். வேடிக்கை என்னவென்றால், வெறும் கண்ணுக்குத் தெரிய ஆரம்பிக்கும் அளவு என்பதுதான் அந்த 15க்குச் சொல்லப்பட்ட காரணம், சுற்றி வந்து கண்ணையே மறுபடி நீதிபதி நாற்காலியில் உட்கார வைத்துவிட்டார்கள். அழகாக ஓடி வந்து அழகாக வீசியவர்கள் மேல் ஒரு சந்தேகமும் விழவில்லை, பார்க்க விசித்திரமாக இருந்தவர் மட்டும் பதினைந்து வருடம் பதில் சொல்லிக்கொண்டே இருந்தார். 2010இல் காலியில் தன் கடைசி டெஸ்ட்டின் கடைசிப் பந்தில் 800 விக்கெட்டைத் தொட்ட பிறகும் அந்த முணுமுணுப்பு ஓயவில்லை.

அழகு செய்யும் இன்னொரு வேலையும் உண்டு, தப்பைக் கழுவிவிடுவது. 1986 ஜூன் 22, மெக்சிகோ சிட்டி. மரடோனா 51ஆவது நிமிடம் கையால் தட்டி ஒரு கோல், 55ஆவது நிமிடம் பாதி மைதானத்திலிருந்து இங்கிலாந்து அணியையே கடந்துபோய் இன்னொரு கோல். அந்த இரண்டாவதை எத்தனை தடவை பார்த்தாலும் எனக்குத் திகட்டாது. ஆனால் அதைப் பார்த்த மயக்கத்தில்தானே முதல் கோலுக்குக் கடவுளின் கை என்று பெயர் வைத்துச் சிரிக்கிறோம்? அந்த நாலு நிமிடத்தில் முதல் கோல் மட்டும் விழுந்து, அடித்தவரும் சாதாரண ஆட்டக்காரராக இருந்திருந்தால் என்ன பெயர் வைத்திருப்போம் என்று யோசித்துப் பாருங்கள். நம் சினிமாவிலும் இதுதானே நடக்கிறது, வேண்டாம் என்று சொல்லும் பெண்ணை விடாமல் துரத்துகிறவர் பார்க்க லட்சணமாக இருந்து பின்னணியில் நல்ல மெட்டும் ஓடினால் அது காதல், அதையே முகத்தில் தழும்பு உள்ளவர் செய்தால் போலீஸைக் கூப்பிடு.

அப்படியானால் விதிப்புத்தகத்தில் இருப்பதெல்லாம் சரியா என்று அந்த வாசகர் கேட்கலாம், நியாயமான கேள்வி. 1981 பிப்ரவரி 1, மெல்போர்ன், கடைசிப் பந்தில் நியூசிலாந்து ஆட்டத்தைச் சமன் செய்ய ஆறு ரன் வேண்டும், ஆஸ்திரேலியக் கேப்டன் கிரெக் சாப்பல் தன் தம்பி டிரெவரைப் பந்தைத் தரையோடு உருட்டிவிடச் சொன்னார். அன்றைய விதிப்படி அது செல்லும். அசிங்கமும்தான், ஆனால் நான் அதைத் தப்பு என்று சொல்வது அதனால் இல்லை. மட்டையுடன் நின்ற மெக்கெக்னி என்ன செய்திருந்தாலும் உருண்டு வரும் பந்தை ஆறு அடிக்க முடியாது, போட்டியையே இல்லாமல் ஆக்கிவிட்டார்கள். ஜெய்ப்பூரில் பட்லருக்கு வழி இருந்தது, மட்டையைக் கோட்டுக்குள் வைத்துக்கொண்டு நின்றால் போதும், காசு பணம் செலவில்லை. எதிராளிக்குத் தப்பிக்க ஒரு நேர்மையான வழியை விட்டுவைத்தோமா இல்லையா, நான் பார்ப்பது அதைத்தான். 2023இல் டில்லியில் ஹெல்மெட் வார் அறுந்து, குறித்த நேரத்துக்குள் ஆடத் தயாராகவில்லை என்று இலங்கையின் மாத்யூஸ் "டைம்டு அவுட்" ஆனாரே, அதில் இந்த அளவுகோலை வைத்துப் பார்த்தாலும் எனக்கு இன்னும் முடிவு கிடைக்கவில்லை, அம்பயரிடம் முதலில் கேட்டிருக்கலாம் என்று ஒரு மனசு சொல்கிறது, வார் அறுந்ததற்கு அவர் என்ன செய்வார் என்று இன்னொரு மனசு.

அழகே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை, அதற்காகத்தானே ராத்திரி கண் முழித்துப் பார்க்கிறோம். பிடிக்கவில்லை என்றால் பிடிக்கவில்லை என்று சொல்வோம், அந்த உரிமை பார்க்கிற எல்லாருக்கும் உண்டு. அதற்கு அறம் என்ற பெரிய வார்த்தையை இழுக்கும்போதுதான் யாரோ ஒருவர் வருடக்கணக்கில் தலைகுனிய வேண்டியிருக்கிறது.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த ஐபிஎல்லில் இப்படி ஒரு ரன் அவுட் நடக்காமல் இருக்காது. அப்போது விளையாட்டுப் பக்கத்தில் ஸ்டம்பைத் தட்டும் கையை மட்டும் வெட்டிப் பெரிதாகப் போடாமல், மட்டையாளரின் கால் எங்கே இருந்தது என்பதும் தெரியும்படி முழுப் படத்தையும் போடுங்கள். இடம் போதாது என்றால் பக்கத்து விளம்பரத்தைக் கொஞ்சம் சின்னதாக்கலாம்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகர் ஒருவர்,
திண்டுக்கல்.