ரிசீவ்() ஒருமுறை போதாது: சி நிரல்மொழிப் பாடம் நடத்துவோருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆசிரியர்களுக்கும் பாடநூல் எழுதுவோருக்கும்,

வணக்கம். சாக்கெட் (நெட்வொர்க் இணைப்பின் முனை) பாடத்தின் மாதிரி நிரலில் வழக்கமாக வரும் ஒரு வரியை எடுத்துவிடக் கேட்டுக்கொள்கிறோம்: 1024 பைட் பஃபரை (தற்காலிக நினைவிடத்தை), சாக்கெட்டிலிருந்து தரவை வாங்கும் ரிசீவ்()-இடம் கொடுத்து, வந்ததை அப்படியே திரையில் அச்சிடும் பிரிண்ட்எஃப்()-இல் போடும் வரி.

இணைப்பில் தரவைக் கொண்டுசெல்லும் நெறிமுறையான டிசிபி வெறும் பைட் ஓட்டம். செய்தி எங்கே முடிகிறது என்பது அதற்குத் தெரியாது. எதிர்முனை 3000 பைட்டை ஒரே சென்ட்()-இல் அனுப்பினாலும் இங்கே 1460, 1460, 80 என்று வந்து சேரலாம். ஒரே கணினிக்குள் சோதிக்கும்போது பெரும்பாலும் முழுசாக வந்துவிடுவதால் மாணவர் கண்ணில் பிழை படுவதே இல்லை. எழுத்துச் சரம் முடிந்தது என்று காட்டும் சுழி பைட்டைக் கடைசியில் யாரும் சேர்த்துத் தருவதில்லை. பிரிண்ட்எஃப்() எல்லை தாண்டிப் படிக்கும்.

ரிசீவ்() திருப்பித் தரும் எண்ணை, எதிர்மறை கொள்ளாத சைஸ்_டி வகையில் வாங்கினால் -1 மாபெரும் நேர் எண்ணாகிவிடும். எதிர்மறையும் கொள்ளும் எஸ்சைஸ்_டி-யில் வாங்கச் சொல்லுங்கள். 0 வந்தால் எதிர்முனை அனுப்பி முடித்துவிட்டது. -1 வந்தால் பிழை, காரணத்தை எர்நோ என்ற மாறியில் பாருங்கள்: ஈஇன்டர் என்றால் சிக்னல் குறுக்கிட்டது, மறுபடி அழைக்கலாம்.

பெரிய வில்லங்கம் டைம்அவுட்டில். வாங்கக் காத்திருக்கும் நேரத்துக்கு வரம்பிடும் எஸ்ஓ_ஆர்சிவிடைமியோ என்ற சாக்கெட் அமைப்பில் 5 விநாடி வைத்துவிட்டால் கவலையில்லை என்று நினைக்கிறார்கள். அந்த 5 விநாடி ஒவ்வொரு ரிசீவ்()-க்கும் தனித்தனி. 4 விநாடிக்கு ஒரு பைட் என்று சொட்டுச் சொட்டாக அனுப்புபவர் 1000 பைட்டுக்கு ஒரு மணி நேரத்துக்கும் மேல் உங்கள் த்ரெட்டை (நிரலின் ஓர் இயங்கு இழையை) கட்டிப்போடலாம். டைம்அவுட் ஒருமுறைகூட அடிக்காது.

எனவே காலக்கெடுவைத் தொடக்கத்திலேயே ஒரே ஒருமுறை குறித்துக்கொள்ள வேண்டும். நேரம் சொல்லும் கிளாக்_கெட்டைம்()-ஐ மோனோடானிக் (பின்னோக்கிப் போகாத) கடிகாரத்தோடு அழையுங்கள். சாதாரணக் கடிகாரத்தை யாராவது திருத்தினால் கணக்கு கெடும். செய்தி முழுதாகச் சேரும்வரை ரிசீவ்()-ஐச் சுற்றில் அழைக்க வேண்டும். ஒவ்வொரு சுற்றிலும் மிச்சமுள்ள மில்லிவிநாடியைக் கணக்கிட்டு, தரவு வரும்வரை காத்திருக்கும் போல்()-க்குக் கொடுத்து, பிறகு நான்பிளாக்கிங் (காத்திருக்காமல் உடனே திரும்பும்) சாக்கெட்டில் ரிசீவ்(). ஈஅகெய்ன் (இப்போதைக்குத் தரவு இல்லை) வந்தால் மீண்டும் போல்(). மிச்சத்தை மேல்நோக்கி முழுமையாக்குங்கள், 0.4 மில்லிவிநாடி 0 ஆனால் போல்() காத்திருக்காமலே திரும்பும். கெடு கடந்து மிச்சம் எதிர்மறையானால் இன்னும் மோசம்: எதிர்மறை எண்ணுக்கு போல்() கொள்ளும் பொருள் ‘முடிவில்லாமல் காத்திரு’. அழைக்கும் முன்பே சோதித்து வெளியேற வேண்டும்.

பாதிச் செய்தியில் கெடு முடிந்தால் இணைப்பை மூடிவிடுவதே உத்தமம். அதே சாக்கெட்டில் தொடர்ந்தால் மீதிப் பைட்டுகள் அடுத்த செய்தியின் தலைப்பாக வாசிக்கப்படும்.

ஆய்வகத்துக்கு இரண்டு சர்வர்கள் எழுதிவையுங்கள். ஒன்று பைட் பைட்டாக அனுப்பட்டும். மற்றொன்று பாதி அனுப்பிவிட்டு இணைப்பை மூடாமல் சும்மா இருக்கட்டும். மாணவரின் நிரல் இரண்டையும் தாண்டிய பிறகு மதிப்பெண் போடுங்கள்.

இப்படிக்கு,
நெட்வொர்க் நிரல் எழுதுவோர் சிலர்