இல்லாத குரல்களும் மூளையின் வேதியியலும்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

இல்லாத குரல் கேட்பதாக ஒருவர் சொன்னால், அதைப் பேய்க்கோளாறாகவோ மனவலிமைக் குறைவாகவோ கருதும் வழக்கம் நம் குடும்பங்கள் சிலவற்றில் இன்னும் மறையவில்லை. மூளையில் டோபமின் எனும் வேதிப்பொருளின் செயல்பாடு மிகும்போது, உள்ளெழும் எண்ணத்துக்கும் வெளியிலிருந்து வரும் ஒலிக்கும் உள்ள வேறுபாடு மங்கக்கூடும் என்பது ஆய்வாளர்கள் பலரின் விளக்கம். 1950களில் அறிமுகமான குளோர்புரோமசின் முதலான மருந்துகள் டோபமின் ஏற்பிகளை (நரம்பணுக்களில் டோபமின் வந்து பொருந்தும் இடங்களை) தடுத்து அக்குரல்களைத் தணிப்பதும், டோபமினைக் கூட்டும் லெவோடோபா எனும் மருந்தால் பார்க்கின்சன் நோயாளிகள் சிலருக்கு இல்லாத உருவங்கள் தெரிவதும் அதற்கு வலுச்சேர்க்கின்றன. டோபமின் மட்டுமே காரணமன்று. செரட்டோனின், குளுட்டமேட் ஆகிய மூளை வேதிப்பொருள்களுக்கும் பங்கு இருக்கலாம். பரிகாரப் பூசைக்கு நாள் பார்ப்பவர்கள் (நம்பிக்கையை நான் குறைகூறவில்லை) அதே வாரத்தில் மருத்துவரையும் பார்க்கலாமே. சிங்கப்பூர் மனநலக் கழகத்தில் தொடக்கநிலை உளப்பிணிக்கான (இல்லாத குரல் கேட்பது போன்ற அறிகுறிகள் கொண்ட மனநோய்க்கான) சிகிச்சைத் திட்டம் 2001 முதல் நடைபெற்று வருகிறது.

இப்படிக்கு,
வாசகர், தெம்பனிஸ்